வலையா, வேட்டியா?

மேடையிலேயே அகலமான நாற்காலியில் தலைமை வீற்றிருக்கும் ஒன்றியத் தலைவர் அண்ணன் இராஜாங்கம் அவர்களே! அந்த நாற்காலி உனக்கு வரவேண்டியது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர், கை தூக்குகிற நாளில் அவர்களைக் காணவில்லை, போகட்டும். ஒற்றை விசிலால் இரண்டு ஊரைக் கட்டி மேய்த்த நடுவர், உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் அப்துல் ஜலீல் அவர்களே! வடகரையின் பெரியோர்களே! தென்கரையின் தோழர்களே! உளுந்துச் செடி பறித்த கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து முன்வரிசை பிடித்திருக்கும் தாய்மார்களே! கழுத்து நிறைய மாலையோடு, சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்றைய விழா நாயகர், தோழர் ரெத்தினம் அவர்களே! அனைவருக்கும் இந்தச் சாரங்கபாணியின் வணக்கம்.

கோப்பையைப் பார்த்தீர்களா? குடம் என்றால் குடமா அது? குத்துவிளக்கும் குடமும் கூடிப் பெற்ற பிள்ளை! தஞ்சை மாவட்டம் முழுவதும் தேடிய தங்கம்! தங்கமா என்று கேட்காதீர்கள், பித்தளைதான். ஆனால் நேற்றுத் தஞ்சாவூரிலிருந்து குடவாசல் வரை அதற்குத் தனி டிக்கெட் எடுத்து, சன்னலோரம் உட்காரவைத்துக் கொண்டுவந்தோம். கண்டக்டர் கேட்டார், "இது யாருங்க?" நம் பையன்கள் சொன்னார்கள், "மாவட்டத்துக்கே மாப்ளண்ணே, மரியாதையா பேசுங்க."

கை தட்டுங்கள். இன்னும் தட்டுங்கள். என் பேச்சுக்கு இப்படித் தட்டி எத்தனை வருஷமாயிற்று!

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். போன வைகாசியில் வடகரை அணிக்கும் தென்கரை அணிக்கும் நடந்த வாலிபால் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும், நான்கு வருஷமாய் முகம் பாராத இரண்டு கோச்சுகள் ஓடிப்போய்க் கட்டித் தழுவினார்கள். பகை பறந்தது, பாசம் பிறந்தது, இரண்டு அணி ஓரணியானது, ஓரணி கோப்பையை வென்றது. தலைவர் அவர்கள் இதைச் சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்தார். அந்தத் தழுவலில் பாதிப் பெருமை சாரங்கபாணிக்கு என்றும் பெரிய மனதோடு சொன்னார்.

நண்பர்களே, எனக்கு உரிய பெருமையையே இந்த ஊர் எனக்குக் கொடுத்ததில்லை. உரிமையில்லாத பெருமையை நான் எதற்கு வாங்கிக்கொள்ள வேண்டும்? தழுவியவர்களில் ஒருவன் நான். நான் சொல்கிறேன்: நாங்கள் தழுவவே இல்லை!

என்ன, அங்கே யார் எழுந்து நிற்பது? ராசம்மாளா? "அப்பறம் என்னத்த பண்ணுனீங்க, நாங்க கண்ணால பாத்தமே" என்கிறார். உட்காருங்கள் அம்மா, சொல்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரியாததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆட்டம் எங்கே நடந்தது? வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நிலத்தில். அது யாருடைய நிலம்? என்னுடையது! பட்டா என் பெயரில். "இல்லை, அது என் குத்தகை, மூன்று தலைமுறையாய் நாங்கள் உழுதது, வெளியேற்ற முடியாது" என்கிறார் ரெத்தினம். வழக்கு மன்றம் என்ன சொன்னது? தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் கலப்பையை வைக்கக்கூடாது என்றது. உழவில்லை, நடவில்லை, நிலம் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த நிலத்தில் நம் பையன்கள் ஒரு நாள் இரண்டு மூங்கிலை நட்டார்கள். முப்போகம் விளையும் மண்ணில் முழு நேரமும் பந்து விளைந்தது! இந்தத் தாலுகாவிலேயே சமதளமான மைதானம் எப்படிக் கிடைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எப்படிக் கிடைத்தது? நாங்கள் இருவரும் விட்டுக்கொடுக்காததால் கிடைத்தது!

அங்கேதான் போன வருஷம் ஆட்டம். வடகரைப் பையன்களுக்கு நான் கோச்சு. தென்கரைப் பையன்களுக்கு ரெத்தினம் கோச்சு. நான் பட்டப்படிப்பு படித்தவன், டுடோரியல் நடத்துகிறவன், கழகத்தின் பேச்சாளன். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு. அது எந்த வருஷம் என்பதை மறந்துவிடாதீர்கள். அரைப்படி நெல் கூலிக்கு அரிவாள் உயர்ந்த வருஷம். கொடிக்கம்பத்தைப் பார்த்தாலே குலை நடுங்கிய வருஷம். ஆகவே போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்ன சொன்னார்?

"யோவ், ஒரு கை ஓங்கினாலும் சரி, ரெண்டு கம்பத்தையும் புடுங்கி ஜீப்புல போட்டுக்கிட்டுப் போயிருவேன். அப்பறம் இந்த ரெண்டு ஊர்லயும் எவனும் பந்து தொடக்கூடாது. தொட்டா உள்ள போடுவேன். புரியுதா?"

புரிந்தது. அன்று களத்தில் இருந்தது வெற்றியும் தோல்வியுமா? இல்லை! அன்று ஒரு கல் பறந்திருந்தால் இன்று கோப்பை இல்லை, அணி இல்லை, அந்த மூங்கில்கூட இல்லை!

ஆட்டம் எப்படிப் போனது? அடித்தார்கள், எடுத்தார்கள், அடித்ததை எடுத்தார்கள், எடுத்ததை மீண்டும் அடித்தார்கள்! இரண்டு செட்டு நாங்கள், இரண்டு செட்டு அவர்கள். ஐந்தாவது செட்டில் கடைசிப் பந்து. தென்கரைப் பையன் தாவினான். தாவினானா, தென்னை மரத்திலிருந்து இறங்கினானா, தெரியாது. ஓங்கி அடித்தான். பந்து எங்கள் பக்கத்துக் கோட்டின் ஓரத்தில் விழுந்தது. உமிச்சாம்பலால் போட்ட கோடு. சாம்பல் பறந்தது. அப்துல் ஜலீல் விசிலை ஊதி, "இன்" என்றார்.

ஐயா, அது அவுட்டு. நான்கு விரற்கடை அவுட்டு. நான் பார்த்தேன்.

அதோ, தென்கரைப் பக்கம் "இன்னு, இன்னு" என்று கத்துகிறார்கள். வடகரைப் பக்கம் "அவுட்டு" என்கிறார்கள். பாருங்கள், ஒரு வருஷமாகியும் அந்தப் பந்து இன்னும் தரைக்கு வரவில்லை! ஜலீல் மாஸ்டர் சிரிக்கிறார். சிரியுங்கள் மாஸ்டர், நான் மறக்க மாட்டேன்.

அன்று நான் ஓடினேன். குதித்தேன். விண்ணதிர முழங்கினேன். வடமொழி கலக்காமல் திட்டினேன்! வழக்கில் ஒரு வரப்பை விடாதவன், ஆட்டத்தில் ஒரு கோட்டை விடுவேனா? என் பின்னால் வடகரை வேலிக்கம்பைப் பிடுங்கியது. எதிரே தென்கரை கொடிக்கம்பைக் கழற்றியது. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு காலை இறக்கினார்.

இப்போது நம் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வலை இரண்டு ஊருக்கும் பொதுச் சொத்து. ஆட்டம் முடிந்தால், வலையை அவிழ்த்து ஆளுக்கொரு முனையை இரண்டு கோச்சுகளும் பிடிக்க வேண்டும். வென்றவர் நின்ற இடத்தில் நிற்பார். தோற்றவர் தன் முனையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அவர் கையில் சேர்க்க வேண்டும். வலை மண்ணில் படக்கூடாது. கோச்சு வலையைக் கீழே போட்டால் என்ன பொருள்? முடிவை ஏற்கவில்லை, சண்டைக்கு வா என்று பொருள்!

ஜலீல் மாஸ்டர் என் கையில் வலையின் முனையைத் திணித்தார். மேல் கயிறு வலது கையில், கீழ்க் கயிறு இடது கையில். "சாரங்கபாணி, நடங்க" என்றார். இரண்டு ஊரும் என் கையைப் பார்க்கிறது. போடுவானா, கொடுப்பானா? போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், விரல்கூடத் தளர்ந்தது.

அப்போது தளர்ந்தது விரல் மட்டுமல்ல.

தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். என் இல்லத்தரசி சாவித்திரி அதோ இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று காலையில் அவர்தான் என் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தார். வேட்டியா அது? விறைப்பில் தகரம்! குதித்த குதியில் இடுப்பு முடிச்சு நழுவியது. ஓரடி எடுத்து வைத்தேன். ஓர் அங்குலம் இறங்கியது. இன்னோரடி வைத்தேன், அது தன் பயணத்தைத் தொடர்ந்தது.

எண்ணிப் பாருங்கள், என் நிலையை! வலையை விட்டால் வேட்டியைப் பிடிக்கலாம். ஆனால் வலை விழுந்தால் இரண்டு ஊரும் வெட்டிக்கொள்ளும். வலையைப் பிடித்தால் ஊர் பிழைக்கும். ஆனால் வேட்டி விழுந்தால் நான் எங்கே பிழைப்பது? வலையா, வேட்டியா? ஊரா, நானா? தமிழ் படித்தவனுக்கு இப்படியா ஒரு தேர்வு வைப்பது!

சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. நான் நின்றுவிட்டேன். முழங்கை இரண்டையும் இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வலையை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். "ஏய், வாத்தியாரு நின்னுட்டாருடா, போடப்போறாருடா!" என்று யாரோ கத்தினார்கள். கம்புகள் உயர்ந்தன.

அப்போது எதிர் முனையில் ரெத்தினம் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். பார்த்ததும் தன் முனையின் இரண்டு கயிற்றையும் சேர்த்து வாயில் வைத்துப் பல்லால் கவ்விக்கொண்டார். கை இரண்டும் விடுதலை! வென்றவர் நகரக்கூடாது என்பது வழக்கம். அவர் நகர்ந்தார். நகர்ந்தாரா, பாய்ந்தார்! வாயில் கயிறு, கண்ணில் அவசரம், கையில் ஒன்றுமில்லை. "கடிக்க வர்றான்டா!" என்றான் என் பக்கத்தில் ஒருவன்.

வந்தார். மார்போடு மார்பாய் மோதினார். இரண்டு கையையும் எனக்குப் பின்னால் கொண்டுபோய், இறங்கிக்கொண்டிருந்த வேட்டியைக் கொத்தாகப் பிடித்தார். இதைத்தான், அன்பர்களே, இதைத்தான் ஒரு வருஷமாய்த் தழுவல் என்கிறீர்கள்! ஒரு கையால் பிடித்தபடியே மறு கையால் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவி, என் இடுப்பைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். அதன் பிறகே வாயிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்தார். நான்கு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். என்ன பேசினார்?

"வாத்தியாரே, நெட்ட மட்டும் விட்றாதீங்க. இது நெல்லுக் கட்டு கட்டுற முடிச்சு, எறங்காது."

நான்கு வருஷத்துக்குப் பிறகு நானும் அவரிடம் பேசினேன். நன்றி சொன்னேனா? இல்லை.

"பால் அவுட்டு" என்றேன்.

"இன்னுதாங்க வாத்தியாரே. மொதல்ல நெட்டக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன்! கம்புகள் இறங்கின. கைகள் தட்டின. ராசம்மாள் குலவை போட்டார். இன்ஸ்பெக்டர் இறக்கிய காலை மறுபடி ஜீப்புக்குள் ஏற்றிக்கொண்டார். இரண்டு மூங்கிலும் நின்ற இடத்தில் நின்றன, இன்றும் நிற்கின்றன!

எனக்கு என்ன கிடைத்தது? கழகத்து மாவட்ட அலுவலகத்திலிருந்து அழைப்புக் கிடைத்தது. "என்னய்யா, செவப்புத் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு ஊருக்கு முன்னாடி நின்னியாமே, கொள்கை மாறிட்டியா?" என்றார்கள். "கொள்கை மாறவில்லை அண்ணே, கொஞ்சம் நழுவியது, அதுவும் கொள்கை அல்ல" என்றேன். நம்பவில்லை. அந்த நாற்காலி அண்ணன் இராஜாங்கத்துக்குப் போன கதை அதுதான். அண்ணே, நீங்கள் ரெத்தினத்துக்கு இரண்டு மாலை போடலாம்.

சிரித்தது போதும். ஒன்றைக் கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். விளையாட்டில் பெருந்தன்மை என்று ஐந்து பேர் பேசினார்கள். அது எங்கே இருக்கிறது? ஜெயித்தவன் கை குலுக்குவதிலா? தோற்றவன் பல்லைக் காட்டுவதிலா? ரெத்தினம் அன்று எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. வழக்கப்படி நின்ற இடத்தில் நின்றிருந்தால் போதும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தால் போதும். தன் நிலத்துக்குக் குறுக்கே நிற்கிற எதிரி இரண்டு ஊர் பார்க்க அம்மணமாய் நின்றிருப்பான். யார் குற்றம் சொல்வார்கள் அவரை?

அதுமட்டுமா? என் தகப்பனார் காலத்தில் எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது ரெத்தினத்தின் தகப்பனார் வந்து நிற்பார். தோளில் துண்டு இருக்காது. இருக்க விடமாட்டோம். அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த மகன் அவர். அந்த மகன் தன் தோள் துண்டை உருவினார். எதற்கு? பதிலுக்குப் பதில் செய்யவா? என் மானத்தைக் காக்க! அவருக்கு நினைவில்லாமல் இருந்திருக்குமா? இருந்தது. முடிச்சுப் போடும்போது அவர் கை ஒரு கணம் நின்றது. நான் உணர்ந்தேன். நின்றது; பிறகு இறுக்கிக் கட்டியது. அந்த ஒரு கணத்தை ஜெயித்தாரே, அதுதான் ஜெயம்! மற்றதெல்லாம் பித்தளை!

ஆகவே நான் திருந்திவிட்டேன் என்று யாரும் சுவரில் எழுதிவிட வேண்டாம். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவரும் வருவார், நானும் வருவேன். அந்த இரண்டு மாவில் ஒரு சாண் விடமாட்டேன். அந்தப் பந்தும் அவுட்டு. ஆனால் வாய்தா முடிந்து அதே பஸ்ஸில் திரும்பி வந்து, சாயங்காலம் ஒரே அணிக்கு இருவரும் விசில் ஊதுவோம். அதற்குள்ளும் சண்டை போடுவோம். வலை மட்டும் மண்ணில் படாது!

தலைவர் அவர்கள் பொன்னாடையை நீட்டுகிறார். நான் போர்த்த வேண்டுமாம். கொடுங்கள் அண்ணே. தோழர் ரெத்தினம், எழுந்திருங்கள். குனிய வேண்டாம். குனியாதீர்கள் என்கிறேன்! நிமிர்ந்து நில்லுங்கள். இது கழுத்துக்கு அல்ல, தோளுக்கு. எங்கள் களத்தில் துண்டு இருக்கக்கூடாத இடம் என்று நாங்கள் சொன்னோமே, அந்தத் தோளுக்கு. இரண்டு ஊரும் பார்க்கட்டும். இரண்டு கையாலும் போர்த்துகிறேன்.

சாவித்திரி, பயப்படாதே, இன்றைக்கு வேட்டிக்கு மேலே பச்சை பெல்ட் போட்டிருக்கிறேன்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் சிரித்தவர்களுக்கும், "இன்னு" என்று கத்தியவர்களுக்கும்கூட, நன்றி! வணக்கம்!