பச்சை டப்பா, நீல மூடி

பேச்சாளர்: ...அப்போ தாய்க்கழுகு என்ன செய்யும் தெரியுமா? கூட்டுல இருக்கற மெத்தையெல்லாம் பிச்சு எறியும்! முள்ளு குத்தும்! குஞ்சு கதறும்! அப்பவும் மனசு இரங்காது. ஒரே தள்ளு!

மனைவி: தள்ளலையே.

பேச்சாளர்: எது?

மனைவி: எதிர் டவர்ல கூடு கட்டியிருக்கே, அது. பாத்திரம் கழுவறப்பல்லாம் இந்த ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருக்கேன். யாரும் யாரையும் தள்ளலை. குஞ்சே ஓரத்துல நின்னு றெக்கையடிச்சுப் பார்த்துச்சு... ஒருநாள் காத்து தூக்கிடுச்சு. பறந்துடுச்சு.

பேச்சாளர்: பறந்துச்சுல்ல? அதோட கதவு சாத்தியாச்சு! அதைத்தான் நான் சொல்றேன். சாயங்காலம் மண்டபம் நிறைய பெத்தவங்க வராங்க, ஒத்திகை பார்க்கறப்ப குறுக்கே பேசாதே.

மனைவி: எங்க சாத்துச்சு? இப்பவும் சாப்பாட்டுக்குக் கூட்டுக்குத்தான் வருது. உக்காந்து கத்து கத்துன்னு கத்துது. பெருசு மீனைக் கொண்டுவந்து போடுது.

பேச்சாளர்: இன்னுமா?

மனைவி: இன்னும்தான்.

பேச்சாளர்: வளர்ப்பு சரியில்லை.

மனைவி: கழுகுக்கா?

பேச்சாளர்: பின்னே? அம்மாக்காரி குடுக்கற செல்லம். எல்லா வீட்டுலயும் இதே கதைதான்.

மனைவி: அம்மா மட்டுமில்லீங்க. அப்பாவும் கொண்டுவருது.

பேச்சாளர்: ...அப்பாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: உருவத்துல சின்னது. காலங்காத்தால சத்தமில்லாம வந்து வெச்சுட்டுப் போயிடும்.

பேச்சாளர்: சரி, சரி... எங்க விட்டேன்? ஆங்! "என் மகனை நானே தள்ளினேன்! மூணு மாசம் முன்னாடி அவன் பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சேன். 'இனி உன் சோறு உன் கையில'ன்னேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுலேர்ந்து ஒரு பருக்கை போகலை!" இங்க கைதட்டல். அப்பதான் அவன் மேடையேறி ரெண்டு வார்த்தை பேசறான். ...இன்னும் காணோமே?

மனைவி: அடுத்த தெருதானே, வருவான். ...ஒரு பருக்கைகூடவா?

பேச்சாளர்: ஒரு பருக்கைகூட. ஏன், நீ ஏதாவது...?

மனைவி: நானா! உங்க பேச்சை மீறுவேனா? ...இந்த டப்பாவைக் கொஞ்சம் பாருங்க.

பேச்சாளர்: பச்சை டப்பா. அதுக்கென்ன?

மனைவி: மூடி?

பேச்சாளர்: ...நீலம்.

மனைவி: நம்ம வீட்டுல நீல மூடி ஏது?

பேச்சாளர்: மூடி மாறுறது உலகத்துல நடக்காததா?

மனைவி: நடக்கும். உங்க நடைப்பயிற்சிப் பையில ஒரு நீல டப்பா இருந்துச்சு, இந்தாங்க. அதுக்குப் பச்சை மூடி.

பேச்சாளர்: என் பையை ஏன் நோண்டினே?

மனைவி: துவைக்க எடுத்தேன். ரெண்டையும் ஒண்ணாக் கழுவின மகராசன் மாத்தி மூடிட்டான்.

பேச்சாளர்: இரு இரு... உன் பச்சை டப்பா அவன் ரூமுக்கு எப்படிப் போச்சு?

மனைவி: தையல் வகுப்புக்குப் போற வழியிலதானே அவன் ரூம்.

பேச்சாளர்: தையல் வகுப்பு, தையல் வகுப்புன்னு கிளம்பறியே! இதுவரைக்கும் ஒரு கைக்குட்டையாவது தெச்சியா?

மனைவி: நீங்க நடந்து நடந்து தொப்பை குறைஞ்சுதா?

பேச்சாளர்: ...என்ன கொண்டுபோவே?

மனைவி: மதியச் சோறு. நீங்க?

பேச்சாளர்: ரெண்டு முட்டை... ரொட்டி. எல்லாம் கடையிலதான். உன் சமையலறையில கை வெச்சா மாட்டிக்குவேனே.

மனைவி: தள்ளின கையாலயே ஊட்டியாச்சு.

பேச்சாளர்: மெல்லப் பேசு, ஜன்னல் திறந்திருக்கு! அவன் மேடையில உளறிட்டா என்ன பண்றது? ஊர் ஊராப் போய் இந்தக் கழுகை வெச்சுத்தான் பொழைக்கிறேன். மானம் போயிடும்.

மனைவி: உளற மாட்டான். இத்தனை நாள்ல என்னைப் பத்தி உங்ககிட்ட மூச்சு விட்டானா?

பேச்சாளர்: அழுத்தக்காரன்... ஆனா ஒண்ணு. போன வாரம் ரெண்டு நாள் வரவேணாம்னுட்டான். சீக்கிரமே வேலைக்குப் போகணுமாம்.

மனைவி: என்னையுந்தான். இந்த வாரம் ஒருநாள் வந்தாப் போதும்னுட்டான்.

பேச்சாளர்: அப்போ மத்த நாள்ல என்னத்தைத் திங்கிறான்? பட்டினியா?

மனைவி: அதைத்தாங்க நானும் யோசிக்கறேன்... இந்தக் கழுகுங்களும் இப்ப முன்ன மாதிரி இல்லை. நாளுக்கு நாலஞ்சு தடவை வந்ததுங்க, இப்ப என்னைக்கோ ஒருநாள்தான். குஞ்சு கத்திப் பார்க்குது, அப்புறம் தானே ஏரிப்பக்கம் போகுது.

பேச்சாளர்: அப்போ தள்ளறதே கிடையாதா?

மனைவி: கிடையாது. குறைச்சுக்கும். அவ்வளவுதான்.

பேச்சாளர்: இதைச் சொன்னா எவன் கைதட்டுவான்?

மகன்: எதுக்குப்பா கைதட்டணும்? ...என்ன, ஆளுக்கொரு டப்பாவை வெச்சுக்கிட்டு முழிக்கறீங்க?

மனைவி: வந்துட்டியா! கிட்ட வா, முகத்தைக் காட்டு. சாப்பிட்டியா?

பேச்சாளர்: உண்மையைச் சொல்லுடா. வேலை வேலைன்னுட்டு அங்க பட்டினி கிடக்கறியா?

மகன்: பட்டினியா? இந்தத் தூக்குச்சட்டியைப் பிடிங்க. பார்த்து, சூடு.

மனைவி: சோறு... மீன் குழம்பு. யாருடா சமைச்சது?

மகன்: நான்தான். இங்கேர்ந்து போன ரெண்டாவது வாரமே கத்துக்கிட்டேன். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரலை.

பேச்சாளர்: அப்போ நாங்க கொண்டுவந்ததெல்லாம்?

மகன்: பக்கத்து ரூம்காரன் சாப்பிட்டான். பேன்ட் பத்தாம புதுசு வாங்கியிருக்கான்.

மனைவி: அட பாவி! முதல்லயே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

மகன்: எப்படிம்மா சொல்றது? டப்பாவை நீட்டறப்ப உங்க முகத்தை நீங்க பார்த்ததில்லையே... அப்பா அதுக்கும் மேல. ஒரேயடியா வேணாம்னா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க. அதான், கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டு வரேன்.