பிரிஸ்கில்லாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

எனக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பிடிக்கும், மேடம். போன வருடம் பத்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் யார் சந்தேகம் கேட்டாலும் நான்தான் முதலில் பதில் போடுவேன். இந்த நஸ்லின் இல்லையென்றால் பாதிப் பேர் இங்கிலீஷ் ஹோம்வொர்க்கே முடித்திருக்க மாட்டார்கள்.

பிரிஸ்கில்லா கனகசெட்டிக்குளத்திலிருந்து லாஸ்பேட்டையில் நம் பள்ளிக்கு பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மா ஞானமேரி மீன் விற்கிறார். சமூக அறிவியலில் அவள் கெட்டிக்காரி, ஆங்கிலத்தில் தடுமாறுவாள். அவள் எனக்கு வரலாறு சொல்வாள், நான் அவள் கட்டுரைகளைத் திருத்துவேன். இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒருநாள் புதுச்சேரி விடுதலை பற்றிய கேள்விக்கு 1947 என்று குழுவில் போட்டேன். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அய்யோ நஸ்லின், அது தப்புடி. நமக்கு அம்பத்தி நாலு. யாரும் அத எழுதாதீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். வகுப்பே சிரிப்பு பொம்மை போட்டது. எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நான் எத்தனை பிழை திருத்தியிருப்பேன், ஒன்றையாவது குழுவில் சொன்னேனா?

பிறகு அவளுக்கு அந்த மெயில் வந்தது. பிளஸ் டூ வரை இலவசமாகத் தங்கிப் படிக்க ஒரு அறக்கட்டளை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் ரத்தாகும் என்று கடைசியில் இருந்தது. சுற்றி வளைத்த ஆபீஸ் இங்கிலீஷ். அதை எனக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

"கேன்சல்னு ஒரு வார்த்த இருக்குடி. என்னுத கேன்சல் பண்ணிட்டாங்களா? இன்னா போட்டிருக்கு, சொல்லேன்."

நான் முழுவதும் படித்தேன். நிதானமாக, இரண்டு தடவை.

"ஆமாடி, கேன்சல்தான்" என்றேன்.

அழுதாள். ஆறுதல் சொன்னதும் நான்தான். பதில் எதுவும் போட வேண்டாம், போட்டால் கெஞ்சுவதுபோல் இருக்கும் என்றும் சொன்னேன். அவளுக்கு அது சரியாகப் பட்டது.

அந்த இடம் எனக்கு வரவில்லை, மேடம். யாரோ வெளியூர்ப் பையனுக்குப் போனது. அதனால் திருடினேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. மேலே படிக்க வசதியில்லாமல் அவள் படிப்பு பத்தாவதோடு நின்றது. இப்போது அம்மாவோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அதற்கும் நானா பொறுப்பு? படித்துப் பார்க்க அவளுக்குக் கண் இல்லையா?

அவள் ஏன் பதிலே போடவில்லை என்று அறக்கட்டளைக்காரர்கள் பள்ளியில் உங்களிடம் கேட்டதால் உண்மையைச் சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கடிதமெல்லாம் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். இன்றைக்கும் இங்கிலீஷில் எது வந்தாலும் எனக்குத்தான் அனுப்புகிறாள். அவ்வளவு நம்புகிறாள். அதைக் கெடுத்தால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.