மூணு, ரெண்டு, லாபம்

சூசைமேரி: ஐயய்யோ, அது குடிக்கிற தண்ணி! உப்பு மேல நல்ல தண்ணிய ஊத்தாதீங்க, கரைஞ்சிடும்!

சகாயநாதன்: எரியுறப்ப தண்ணியில நல்லது கெட்டது பாக்கணுமா?

சூசைமேரி: பாத்தித் தண்ணிய மொண்டு ஊத்துங்க. மேல... மேல கீத்து பத்துது பாருங்க!

சகாயநாதன்: ஊத்திட்டேன்... ஊத்திட்டேன். அணைஞ்சிடுச்சி. அப்பாடா.

சூசைமேரி: சட்டை எங்க?

சகாயநாதன்: தண்ணி மொள்றதுக்கு முன்னாடி அதாலதான் அடிச்சேன். இந்தா, காலர் பொழைச்சிக்கிச்சி.

சூசைமேரி: ஆகாசத்துக்குப் போவும்னு சொன்னீங்களே...

சகாயநாதன்: பொறப்பட்டுச்சே! போற வழியில உங்க உப்பு அம்பாரத்தையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாம்னு திரும்பிடுச்சி.

சூசைமேரி: சிரிப்பு வருதா? அதோ, அப்பா வரப்பு மேல வர்றாரு.

சகாயநாதன்: உப்பு வார்ற பலகை எந்தக் கையில இருக்குது?

சூசைமேரி: வலது கையில.

சகாயநாதன்: அடிக்கிற கை.

சூசைமேரி: இப்ப நான் சொல்றதக் கேளுங்க. யாரோ பீடிய அணைக்காம போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுறேன். அந்தக் கொழாய வரப்புக்குப் பின்னாடி ஒளிச்சிடுங்க.

சகாயநாதன்: வேணாம்.

சூசைமேரி: ரேடியோக்காரரே...

சகாயநாதன்: வேணாம் மேரி. உப்பு ஏத்துற ஆளுங்க மேல பழி விழும்.

அந்தோணிதாஸ்: யார்றா அது? என் உப்பு மேல கொள்ளி வச்சது யாரு?

சகாயநாதன்: நான்தாங்க.

அந்தோணிதாஸ்: ...நீயா? கோயில் மைக் செட்டு பாக்குற சகாயநாதனா?

சகாயநாதன்: ஆமாங்க. இத்தினி நாளா மைக்கத்தான் கத்த வச்சேன். இன்னிக்கு உங்களையும்...

சூசைமேரி: சும்மா இருங்க!

அந்தோணிதாஸ்: என்னாய்யா உட்டே? பட்டாசா?

சகாயநாதன்: ராக்கெட்டுங்க. எங்க அண்ணன் கப்பல்ல சமையக்காரரு இல்லீங்களா, அவரு வெளிநாட்டுலருந்து ஒரு பொட்டி கொண்டாந்தாரு. உள்ள அட்டைக் கொழா, மெல்லிசு கட்டையில ரெக்கை, கீழ எறங்குறதுக்கு ஒரு பாராசூட்டு. எல்லாத்தையும் நானே ஒட்டி, மாதா தேருக்கு அடிச்ச மிச்ச பெயின்ட்ட அடிச்சேன். அடியில மூணு மருந்துக் கொழா. மூணும் ஒரே நேரத்துல பத்திக்கணும். ஒண்ணுதான் பத்துச்சி. அதான் சாஞ்சிடுச்சி.

அந்தோணிதாஸ்: மூணு எதுக்குய்யா? ஒண்ணு போதாதா?

சகாயநாதன்: கோயில்ல பொண்ணு மாப்ள பேரச் சொல்லி கல்யாண ஓலைய மூணு ஞாயித்துக்கிழமை படிக்கிறாங்களே, ஒண்ணு போதும்னு உடுறாங்களா?

அந்தோணிதாஸ்: மாதாவோட நீலத்த அடிச்சி, என் உப்பு மேல உட்டுட்டு, எனக்கே ஞானோபதேசம் சொல்றியா? கேட்டுக்கோ. நாளைக்கே வந்து இந்த அம்பாரத்துக்குப் புதுக் கீத்து நீயே வேயணும். இன்னொரு வாட்டி ஒரு கீத்து கருகிச்சி, அதோட சரி, இந்த உப்பளத்துல நீ காலு வைக்கக் கூடாது.

சகாயநாதன்: அப்ப இன்னொரு வாட்டி உடலாங்களா?

அந்தோணிதாஸ்: மேரி, இவங்கிட்ட நீயே பேசு. எனக்கு மூச்சு வாங்குது.

சகாயநாதன்: ...போயிட்டாரா?

சூசைமேரி: போயிட்டாரு. பலகைய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு.

சகாயநாதன்: மேரி, மாதா தேர் அன்னிக்கு நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். கட்டிக்கிறியான்னு.

சூசைமேரி: கேட்டீங்க. மூணும் ஒண்ணா பத்திக்கிட்டு மேல போவட்டும், அப்ப சொல்றேன்னேன்.

சகாயநாதன்: ஒண்ணு பத்துச்சே. மூணுல ஒரு பங்கு பதில் சொல்லேன்.

சூசைமேரி: ம்.

சகாயநாதன்: ம்-னா?

சூசைமேரி: அதான் மூணுல ஒரு பங்கு.

சகாயநாதன்: நல்லா அளக்குற. உப்பளத்துப் பொண்ணாச்சே. பொட்டியில வந்தது மொத்தம் ஆறு மருந்து. ஒண்ணு போச்சி. இனிமே மூணு போட்டா மிச்சம் ரெண்டு, அத வச்சி ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே ஒரு வாட்டிதான் உடலாம். அதுவும் கவுந்துச்சின்னா பதிலும் இல்ல, அளத்துக்குள்ள வர்றதும் இல்ல.

சூசைமேரி: ஆமா... பொத்தான அமுக்குனீங்களே, அப்ப இந்த ஒயரு முடிச்சிகிட்ட சோடா மாதிரி பொங்குச்சே, அது எதுக்கு?

சகாயநாதன்: எங்க?

சூசைமேரி: இதோ, பாத்தித் தண்ணியில கெடக்குதே, இங்க. பிளீச்சிங் பவுடர் நாத்தம் வேற.

சகாயநாதன்: பொங்குச்சா... அடப்பாவி!

சூசைமேரி: யாரு?

சகாயநாதன்: நான்தான், வேற யாரு? எந்த வீட்டு ரேடியோ செத்தாலும், "உப்புக்காத்துங்க, ஒயர மூடி வைக்க வேணாமா"ன்னு புத்தி சொல்றேன். நானே தோலு உரிச்ச ஒயர உப்புத் தண்ணியிலயே ஊறப் போட்டிருக்கேன்! பாதி கரன்ட்ட பாத்தி குடிச்சிடுச்சி மேரி. மிச்சம் மீதிதான் மருந்துக்குப் போயிருக்குது.

சூசைமேரி: அப்ப ஒயர மேல தூக்கிக் கட்டினா?

சகாயநாதன்: தூக்கிக் கட்டி, அந்தச் சின்ன பேட்டரிய தூக்கிப் போட்டுட்டு, லாரி பேட்டரியில குடுத்தா... பத்தும். மூணும் பத்தும்!

சூசைமேரி: மொதல்ல கீத்து வேயுங்க. நான் கெளம்புறேன், கோயிலுக்குப் போவணும்.

சகாயநாதன்: இந்தப் பொகை நாத்தத்தோடவா?

சூசைமேரி: சாமியார்கிட்ட ஒரு வேலை இருக்குது.

சகாயநாதன்: அப்பிடியே எனக்கும் வேண்டிக்கோ.

சூசைமேரி: நீங்க வந்து வேண்டிக்கிட்டா ஆவாதா?

சகாயநாதன்: மைக் செட்டு ரிப்பேர் ஆவட்டும், வர்றேன்.

* * *

அந்தோணிதாஸ்: ஏம்பா, உப்பு லாரி பேட்டரிய கழட்டிட்டியே, லாரி எப்பிடிப் போவும்?

சகாயநாதன்: திருப்பி மாட்டிடுவேங்க. மாட்டியும் கெளம்பலன்னா நானே தள்ளுறேன்.

அந்தோணிதாஸ்: கீத்தெல்லாம் நனைச்சாச்சா?

சூசைமேரி: காலையிலயே நனைச்சிட்டேன்ப்பா.

அந்தோணிதாஸ்: ஒயரு?

சகாயநாதன்: கவட்டைக் கம்பு நட்டு, துணி காயப் போடுற கொடி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கேன். ஒரு சொட்டு உப்புத்தண்ணி தொடாது. மேரி, பாராசூட்டு?

சூசைமேரி: இந்தாங்க. பழசுதான் எரிஞ்சி போச்சே, இத நானே தெச்சேன். நாலு மூலையிலயும் நூலு கட்டியிருக்குது.

சகாயநாதன்: நல்ல துணியா இருக்குதே... கறுப்பா, வழுவழுன்னு. ஏது?

சூசைமேரி: ஸ்ஸ்... மடிச்சி உள்ள வைங்க.

அந்தோணிதாஸ்: பேப்பர்ல பாத்தியாப்பா? நம்ம ஆளுங்க செஞ்ச சேட்டிலைட்ட ரஷ்யாவுலருந்து மேல அனுப்பிட்டாங்களாம்.

சகாயநாதன்: பாத்தேங்க. அது மேலயே சுத்திக்கிட்டு இருக்கும். நம்மளது வீட்டுக்கு வந்துடும்.

அந்தோணிதாஸ்: வர்ற வழியில என் அம்பாரத்தப் பாக்காம வரட்டும்.

சகாயநாதன்: எல்லாரும் பின்னால போங்க. இன்னும்... இன்னும். ஐயா, நான் பத்துலருந்து கீழ எண்ணுவேன். ஒண்ணு, சைபர்னு சொன்னதும் அமுக்கிடுவேன்.

அந்தோணிதாஸ்: நிறுத்து, நிறுத்து. என்னாது, சைபரா?

சகாயநாதன்: அப்பிடித்தாங்க எல்லா ஊர்லயும்...

அந்தோணிதாஸ்: எல்லா ஊர்லயும் உப்பு அளக்குறாங்களா? எங்கப்பா காலத்துலருந்து இங்க மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னுகூட சொன்னதில்ல. லாபம்னு ஆரம்பிச்சி, அப்புறம்தான் ரெண்டு, மூணு. இங்க வந்து நின்னுகிட்டு சைபர்ங்கிற!

சகாயநாதன்: அது மேல ஏறுற கணக்குங்க. இது கீழ எறங்குற...

அந்தோணிதாஸ்: எறங்கட்டும். லாபத்துல வந்து எறங்கட்டும். இல்லியா, பேட்டரிய லாரிக்குக் குடுத்துடு.

சூசைமேரி: ரேடியோக்காரரே, அப்பாவே எண்ணட்டும் உடுங்க.

சகாயநாதன்: சரிங்க... எண்ணுங்க. நான் பொத்தானப் பாத்துக்குறேன்.

சூசைமேரி: பொத்தான ஏன் ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கீங்க?

சகாயநாதன்: பேட்டரி வெயிட்டு.

சூசைமேரி: பேட்டரி கீழ இருக்குது.

சகாயநாதன்: ...தெரியும்.

அந்தோணிதாஸ்: பத்து! ஒம்போது! எட்டு! ஏழு! மேரி, தள்ளி நில்லு! ஆறு! அஞ்சு! நாலு! மூணு! ரெண்டு! லாபம்!

சகாயநாதன்: மாதாவே...

சூசைமேரி: மூணு! மூணு! மூணும் பத்திக்கிச்சி!

அந்தோணிதாஸ்: அம்மாடியோ! என்னாடா இது... எங்க, எங்க போச்சி?

சூசைமேரி: பொகையப் புடிச்சிகிட்டே மேல பாருங்கப்பா! நேரா போவுது... நேரா... கோயில் கோபுரத்தத் தாண்டிடுச்சி!

சகாயநாதன்: போ... போ... சாயாத... போ!

அந்தோணிதாஸ்: போவுதுடா! இன்னும் போவுது! கடல்ல இருக்குறவனுக்கெல்லாம் தெரியும்டா இது!

சகாயநாதன்: இப்ப "டப்"புன்னு ஒரு சத்தம் வரணும்... வரணும்... வருமா?

சூசைமேரி: வந்துடுச்சி! விரிஞ்சிடுச்சி பாருங்க! கறுப்பா... எப்பிடி மெதக்குது!

அந்தோணிதாஸ்: ஏய்... அது என்னாது... அது என் கொடைத் துணி மாதிரி இருக்குதே?

சூசைமேரி: எல்லாக் கொடையும் கறுப்புதானேப்பா.

அந்தோணிதாஸ்: எங்கம்மா அதுல வெள்ள நூலால செலுவை போட்டுக் குடுத்துது. அதோ தெரியுது செலுவை!

சகாயநாதன்: ஐயா, எனக்குத் தெரியாதுங்க, சத்தியமா...

அந்தோணிதாஸ்: கொடை கெடக்குதுடா! தெக்கால எறங்குது, தண்ணியில உழுந்துடப் போவுது! நான் புடிச்சிடுறேன். ஏய், வழி உடு! மாப்ள, பேட்டரியப் பாத்துக்கோ!

சகாயநாதன்: ...உங்கப்பா இப்ப என்னா சொன்னாரு?

சூசைமேரி: பேட்டரியப் பாத்துக்கச் சொன்னாரு.

சகாயநாதன்: அதுக்கு முன்னாடி.

சூசைமேரி: காத்துல கேக்கல. அங்க பாருங்க, இந்த வயசுல வரப்புல எப்பிடி ஓடுறாரு!

சகாயநாதன்: மேரி, பேச்ச மாத்தாத. மூணும் பத்துச்சி. நீயே பாத்த. நான் ரேடியோவுல ஊர் ஊரா ஸ்டேஷன் புடிச்சவன், உங்கிட்டருந்து மட்டும் கொரகொரன்னு சத்தந்தான் வருது. நேரா ஒரு பதில் சொல்லிடு. இல்லன்னாலும் சரி, நான் லாரியத் தள்ளிட்டு அப்பிடியே போயிடுறேன்.

சூசைமேரி: சம்மதம்.

சகாயநாதன்: ...என்னா?

சூசைமேரி: மைக்கு வைக்கணுமா? சம்மதம், சம்மதம், சம்மதம். மூணும் பத்திக்கிச்சா?

சகாயநாதன்: பத்திக்கிச்சி... பத்திக்கிச்சி மேரி. ஐயோ, உங்கப்பாகிட்ட யாரு பேசுறது? கொடைய வேற கிழிச்சி வச்சிருக்க.

சூசைமேரி: அவருகிட்ட பேச என்னா இருக்குது? கல்யாண ஓலைக்கு சாமியார்கிட்ட நம்ம பேரு குடுக்க என்கூட வந்ததே அவருதான். வர்ற ஞாயித்துக்கிழமை மொத ஓலை. அதுக்குள்ள நீங்க போயி சாமியார்கிட்ட ஜெப மந்திரமெல்லாம் ஒப்பிக்கணும். மைக் செட்டு நல்லாத்தான் இருக்குது, இருந்தாலும் போங்க.

சகாயநாதன்: இரு, இரு... பேரு குடுத்தது எப்ப?

சூசைமேரி: கீத்து கருகுன அன்னிக்கு, சாயங்காலம்.

சகாயநாதன்: அன்னிக்கேவா! அன்னிக்கு ஒண்ணுதானே பத்துச்சி? அது உங்க உப்பு மேலதானே போய் உழுந்துச்சி? அப்புறம் எதுக்கு இத்தினி நாளா என்னைக் காய உட்டே?

சூசைமேரி: பீடின்னு சொல்லித் தப்பிக்காம, சட்டையில்லாம எங்கப்பா முன்னாடி போயி நின்னீங்களே, எனக்கு அப்பவே முடிவாயிடுச்சி. ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தா, நீங்க இத மூட்டை கட்டி வச்சிட்டு கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டப் போயிருப்பீங்க. அது மேல போறதப் பாக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆசையா இருந்துச்சி தெரியுமா?