பெலுந்தாஸ் இலை

சுங்காயிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர், மனைவியிடம் கையை நீட்டினார்.

“மோந்து பாத்து சொல்லு. இன்னும் கட்டிப்பால் வாடை வருதா?”

ரப்பர் ஃபேக்டரியில், உறைந்த ரப்பர் பாலோடு வேலை போலிருக்கிறது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பச்சை இலை. ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தார்.

“இல்ல லா. போதும், எல்லாரும் பாக்கறாங்க.”

“பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சொன்னாங்கல்ல. லூமுட் கடலோரத்துல இந்த பெலுந்தாஸ் செடிதான் வேலியாம். சோத்தோட பச்சையா சாப்பிடுவாங்களாம். வேர்வை நாத்தமே வராதாம்.”

“அதுக்குன்னு ஒரு வாரமா இதையேவா திங்கறது?”

“ஈப்போவுல நம்ம பொண்ண பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொத தடவையா வராங்க. நான் நாறிக்கிட்டு நின்னா புள்ளைக்குத்தானே வெக்கம்.”

“அவ அப்படியெல்லாம் நினைக்க மாட்டா.”

“‘அப்பாவ நல்லா குளிச்சிட்டு வரச் சொல்லும்மா’ன்னு போன்ல சொன்னாளே. நீ ஸ்பீக்கர் போட்டிருந்த. நான் பின்னால அடுப்படியிலதான் இருந்தேன்.”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈப்போ பஸ் நிலையத்தில் மகள் காத்திருந்தாள். ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா பைகளோடு சற்று எட்டியே நின்றார்.

“ஏம்பா தள்ளி நிக்கிறீங்க?”

“பஸ்ஸுல வேர்த்திருச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க.”

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளால் அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.