எழுபத்தொண்ணும் நூறும்

— பத்தாவது பாஸ் சதவீதத்தை, ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல போட்டு அனுப்பியிருக்காங்கடா தம்பி. உனக்கு நூறு. எனக்கு எழுபத்தொண்ணு.

— பாத்தேன்க்கா. முதல்ல உக்காரு. இந்த வெயில்ல ஸ்கூட்டர்லயா வந்தே?

— எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா மூடிடுவாங்களாம். என் பசங்கல்லாம் இனிமே உன் ஸ்கூலுக்கு வரணுமாம். ஆறு கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. பாதிப் பொண்ணுங்களை வீட்டோட நிறுத்திடுவாங்க.

— அதுக்கு நான் என்னக்கா பண்றது? ஹெட்மிஸ்ட்ரஸ் நீ. நீதானே கவனமா இருந்திருக்கணும்?

— உன்னை மாதிரியா?

— புரிஞ்சுக்கோக்கா. போன வருஷம் நாலே நாலு பேர் ஃபெயில். மீட்டிங்ல அத்தனை ஹெட்மாஸ்டர் முன்னாடியும் என்னை எழுப்பி நிக்க வச்சாங்க. அம்பத்திரண்டு வயசுல! பெஞ்சு மேல ஏத்தாத குறைதான்.

— அதுக்காக, தேறாதுன்னு தோணின பிள்ளைங்களுக்கெல்லாம் டிசியைக் கிழிச்சுக் குடுத்து வெரட்டிடுவியா?

— வெரட்டலை. வேற ஸ்கூல்ல சேந்து படிங்கன்னுதான் சொன்னேன். நீ ஏன் சேத்துக்கிட்டே? இடம் இல்லைன்னிருக்கலாமே?

— வாசல்ல வந்து நின்னுச்சுங்கடா. அதுல ஒருத்தன், "டீச்சர், என்னாலே உங்க ஸ்கூலுக்கும் கெட்ட பேரு வருமா?"ன்னு கேட்டான். பதினஞ்சு வயசு. அவனை எந்த வாயால போகச் சொல்றது?

— அவங்க மட்டும் இல்லேன்னா உனக்கு எண்பத்து மூணு வந்திருக்கும். ராத்திரி பூரா அதே நினைப்புதான் எனக்கு.

— அவங்கள்ல நாலு பேர் பாஸ்டா. தெரியுமா உனக்கு? ஒருத்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது, வந்தப்ப. அந்த நாலு பேரைப் போட அந்தத் தாள்ல ஒரு கட்டம் கூட இல்லை.

— என்னை மன்னிச்சிடுக்கா.

— என்கிட்ட எதுக்குடா? சரி, சொல்லு. மொத்தம் எத்தனை டிசி குடுத்தே?

— பன்னெண்டு.

— என்கிட்ட வந்தது பதினொண்ணு.

— அப்ப இன்னொருத்தர்?

— வெல்டிங் கடைக்காரரோட பொண்ணு. எங்கயும் சேரலை. வீட்டுல சொல்லப் பயம். அப்பா கையெழுத்தை அவளே போட்டிருக்கா, நீயும் நிமிந்து பாக்காம வாங்கி வச்சிருக்கே. வருஷம் பூரா யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருக்கா. சாயந்தரம் வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுல, நோயாளிங்களோட நோயாளியா உக்காந்திருந்திருக்கா. பரீட்சை அன்னிக்குக் கூட அங்கதான். நேத்து என்னைத் தேடி வந்து, விக்கி விக்கி அழுதா.

— ஐயோ... இதையெல்லாம் அந்த மனுஷன்கிட்ட யாரு சொல்றது? நானே போறேன்க்கா. இப்பவே அவர் வீட்டுக்குப் போறேன்.

— போக வேண்டாம். இந்த ஸ்கூல்ல எல்லாரும் பாஸுன்னு கேள்விப்பட்டு, மகளோட மார்க் ஷீட்டை வாங்கிட்டுப் போக, கடையைக் கூட சாத்திட்டு வந்து உன் ரூம் வாசல்ல நிக்கிறாரு.