தலை கிள்ளிய குச்சி

ஓடுகிறோம். பின்னால் ‘டொப்’ என்று ஒரு சத்தம். மோர்ட்டார் பீரங்கியின் வாயை விட்டுக் குண்டு கிளம்பும் சத்தம். அதற்குப் பிறகு விசில். பிறகு மண் எழும்பி விழும். விசில் கேட்டால் படுக்க வேண்டும். படுத்தேன். எழுந்தேன். மறுபடி ஓடினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, நவம்பர். வடகிழக்கு எல்லை மலை. பகல் வெளிச்சம். சீனப்படை எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பாலம் போடும் படைப்பிரிவு. ஐந்து பேர் மிஞ்சியிருந்தோம்.

எங்கள் தலைவர் யேசுதாஸ், பட்டாளத்தில் நாயக் பதவி. பெருநகர் என்ற ஊரின் சேரிக்காரர். நான் அதற்கருகே திருப்புலிவனம். எங்கள் நிலத்தில் நாற்று நட வந்தவர்களில் அவருடைய அம்மாவும் ஒருத்தி. ஊரில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மலையில் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஆற்றங்கரைக்கு வந்தோம். மரப்பாலம். புரட்டாசியில் நாங்களே போட்டது. நாங்கள் கடந்ததும் அதைத் தகர்க்க வேண்டும். வெடிமருந்து பகைவர் வரும் கரையின் தூணில் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து வெடிக்கவைக்கும் பெட்டி காலையில் குண்டு விழுந்து சிதறிவிட்டது. திரியைக் கையால் கொளுத்தியாக வேண்டும். திரியில் நனையாத பாகம் ஒரு சாண். கொளுத்துகிறவன் பாலத்தைத் தாண்ட நேரம் இருக்காது.

யேசுதாஸ் என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

“இன்னாடா பாத்துக்கினு கீற? நெருப்புப்பொட்டிய குடு.”

கொடுத்தேன். உள்ளே ஐந்து குச்சிகள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது ஐந்தும் முஷ்டிக்குள். தலைப்பக்கம் உள்ளே. அடிப்பக்கம் மட்டும் வெளியே.

“ஒன்னுத்தோட தலைய கிள்ளிட்டேன். அது எவனுக்கு வர்தோ அவன் நிக்கறான்.”

ஆற்காட்டு முனுசாமி எடுத்தான். தலை இருந்தது. அடுத்த இருவர். தலை இருந்தது. நான் எடுத்தேன். தலை இருந்தது.

கடைசிக் குச்சி அவர் முஷ்டியில். அவர் விரலைத் திறக்கவில்லை.

“என்னுதுதான். ஓடுங்கடா! திரும்பிப் பாக்காதீங்க! ஓடு!”

டொப். விசில். ஓடினோம்.

மறுகரைப் பாறைக்குப் பின்னால் விழுந்தேன். உள்ளங்கையில் ஏதோ குத்தியது. விரித்தேன். என் குச்சி. காலிப்பெட்டி அவரிடம். நல்ல குச்சிகள் எங்களிடம். அவர் எதை வைத்துக் கொளுத்துவார்? “யேசுதாஸ்!” என்று கத்திக்கொண்டே எழுந்தேன். முனுசாமி காலைப் பிடித்து இழுத்தான்.

அப்போது பாலம் போயிற்று. ஒரே சத்தம். காதில் வெகுநேரம் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தக் கணத்திலிருந்து எனக்குச் சந்தேகம். தலை கிள்ளிய குச்சி தீப்பிடிக்காது. திரி தீப்பிடித்திருக்கிறது. அப்படியானால் அவர் எதையும் கிள்ளவில்லை.

“வேற பொட்டி வெச்சிருந்தாரோ இன்னமோ” என்றான் முனுசாமி. அவருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. அடுப்பு மூட்டவே என்னிடம்தான் பெட்டி வாங்குவார். கரையில் ஒரு கொட்டகை எரிந்துகொண்டிருந்தது என்கிறான் முனுசாமி. அதில் கொள்ளி எடுத்திருக்கலாமாம். நான் எந்தக் கொட்டகையையும் பார்க்கவில்லை.

காட்டு வழியாக அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கினோம். ஊர் வந்து சேர்ந்தபோது பங்குனி.

அப்பா என் ஜாதகத்தை எடுத்து வைத்திருந்தார்.

“ஒனக்கு ஆயுசு கெட்டிடா. அவனுக்கு அவ்ளோதான் எய்தி கீது.”

சேரி மாதாகோயில் உபதேசியாரும் கர்த்தர் சித்தம் என்றார். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. விதி என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சேரிக்கு நடக்க வேண்டியதில்லை. என்னையும் நான் முழுதாக நம்பவில்லை. அவர் முஷ்டிக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லையே.

நடந்தேன். யேசுதாஸின் மனைவி சாந்தம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். “அக்கா” என்றேன். எங்கள் வீட்டு ஆட்கள் அவர்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். குச்சி எடுத்ததைச் சொன்னேன்.

“குச்சிய யாரு புடிச்சிக்கினு இருந்தது?”

“அவர்தான்.”

பிறகு என் சந்தேகத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. முகம் இறுகியது.

“அப்ப அவருக்கு வரல. அவரே நின்னுக்கினாரு. எங்கள நெனைக்கலியா?”

முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“விதின்னா அழுதுட்டுப் போயிருப்பேன், சின்னவரே. இத நான் யார்கிட்ட போய் கேக்கறது? பசங்களுக்குச் சொல்லிடாதீங்க. அப்பன் நம்மள உட்டுட்டு நின்னான்னு நெனைக்கும்.”

ஆறு வருஷம் சொல்லவில்லை. போன மாதம் அவருடைய பெரிய மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் வரிசையில் நின்றிருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

“எங்கப்பாவுக்கு எய்தி இருந்துச்சு, போனாரு. எனக்கும் எய்தி இருந்தா போறேன். அவ்ளோதான?”

அன்று மாலையே சாந்தம்மாவிடம் போனேன். பையன் சொன்னதைச் சொன்னேன்.

“சொல்லிடுங்க” என்றாள். “போறதுன்னா அவனே முடிவு பண்ணிட்டுப் போவட்டும். எவனோ எய்தினான்னு போவ வேணாம்.”

சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. நான் பொய் சொல்கிறேனோ என்பதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஐந்து பேரில் மூவர் இல்லை. இருவர் காட்டில் குளிரில் போனார்கள். இலை போட்டு மூடிவிட்டு வந்தோம். முனுசாமிக்கு ஒரு காது கேட்காது. எனக்கு வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. யேசுதாஸின் உடல் கிடைக்கவில்லை. கைதிகள் திரும்பியபோது அவர்களிலும் அவர் இல்லை. பெருநகர்ச் சேரிக் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். குழி வெட்டவில்லை.