எண்பத்தெட்டு மீட்டரும் என் இருபத்துநான்கு மீட்டரும்

கும்மிடிப்பூண்டி ஒயர்மேன்கள் சங்கத்தைப் பதினோரு ஆண்டுகளாகத் தோளில் தாங்கி நிற்கும் தலைவர், அண்ணன் தணிகாசலம் அவர்களே! சிறப்பு விருந்தினராக வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் இரும்பு உருட்டாலை மேலாளர் ஆதிநாராயணன் ஐயா அவர்களே! மீஞ்சூரிலிருந்து ரயிலிலும் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸிலும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! ஷிப்டு முடித்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் என் தொழில் தோழர்களே! அடுப்பில் வைத்ததை அணைத்துவிட்டு வந்து, "இவன் எப்போது முடிப்பான்" என்று என்னையே பார்க்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பாக்கியநாதனின் வணக்கம்.

விழா நோட்டீஸில் என்னை, "உருட்டாலைக்குக் கணினி வலை அமைத்த வித்தகர்" என்று போட்டிருக்கிறார்கள். கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்! அந்தக் கைதட்டல் யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் மீது ஏழு மாதமாக ஒரு பழி கிடக்கிறது. அதை இன்று உங்கள் முன்னால் துடைக்க வந்திருக்கிறேன்.

கம்பியைக் கண்டு கை நடுங்கியவர்களா நாம்? கம்பத்தில் ஏறிக் காற்றோடு கைகுலுக்கியவர்கள் நாம்! நேற்று வரை நாற்று நட்ட குடும்பங்கள், இன்று நாற்பது ஆலைகளுக்கு விளக்கேற்றும் குடும்பங்கள்! ஆனாலும் சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து ஆறில், உருட்டாலையின் முப்பத்தொரு கணினிகளையும் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும் என்றபோது என்ன சொன்னார்கள்? "பல்பு மாட்டுறவனுக்கு நெட்வொர்க்கு இன்னா தெரியும்?" என்றார்கள். சொன்னவர்களின் வாயை அடைத்தவர் யார்? வேலையை உள்ளூர் ஆட்களுக்கே கொடுத்த ஆதிநாராயணன் ஐயா. வரைபடம் போட்டது யார்? ஆலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் பழவேற்காட்டுப் பெண், தங்கச்சி ஷஹனாஸ். அதோ, மூன்றாவது வரிசையில், பச்சைத் துப்பட்டா.

நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தார் என்றா நினைக்கிறீர்கள்? நான்கு நாள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆலை முழுக்க நடந்தார். நான், "நேரா அளந்தா போதாதாம்மா?" என்றேன். "ஒயரு நேராவா போவுது? சுவத்துல ஏறி, கூரையில ஓடி, அந்தாண்ட எறங்குதுல்லண்ணா? அல்லாத்தையும் அளக்கணும்" என்றார். முப்பத்தொரு கணினிக்கு நாற்பத்தெட்டு இணைப்பு எதற்கு என்று கேட்டேன். "நாலு வருசம் கயிச்சு மறுபடியும் சுவத்த ஒடைக்கப் போறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

எல்லா ஒயரும் வந்து சேரும் பெட்டியை அலுவலகத்தில் வைக்கவில்லை. ஆலைக்கு நடுவே, ஸ்டோர் ரூமில் வைத்தார். ஏன்? எந்த மூலைக்கும் நூறு மீட்டர் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த ஒயரில் போகும் சேதி தடுமாறும். உலைக்கூடம் இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதற்கு மட்டும், தூரம் போனாலும் சேதி தடுமாறாத கண்ணாடி இழைக் கேபிள் போட்டார். மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில் இந்த ஒயர் போகவே கூடாது என்றார். அப்பப்பா! அளவிலே ஒரு அழகு, அமைப்பிலே ஒரு அறிவு!

திறப்பு நாள் வந்தது. முப்பது கணினி முத்து முத்தாக வேலை செய்தது. வாசலில் லாரிகளை எடைபோடும் எடைமேடைக் கணினிக்கு மட்டும் இணைப்பு வரும், போகும், வரும், போகும். கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் லாரி. "இன்னாபா, எவ்ளோ நேரம் நின்னுகினு கீறது? ஒரே பேஜாரா கீது" என்று டிரைவர்கள் கத்துகிறார்கள். அப்போது பிறந்ததுதான் அந்தப் பழி. "பொம்பள போட்ட பிளானு, அதான் இப்டி" என்று நாலு பேர் சொன்னார்கள், நாற்பது பேர் சிரித்தார்கள்.

மறுநாள் ஷஹனாஸ் ஏணி போட்டு எடைமேடை அறையின் கூரையைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது? சுருட்டி, அழகாகக் கட்டிவைத்த ஒயர், பன்னிரண்டு மீட்டர்! ஸ்டோர் ரூமிலும் அதேபோல ஒரு சுருள், பன்னிரண்டு மீட்டர்!

என்ன கலியா, "யாரு உட்டது"ன்னா கேக்குற? நான்தான்டா விட்டேன்! இந்த வித்தகர்தான் விட்டேன்!

சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். முனை கருகினால் வெட்டிவிட்டு மறுபடி இணைக்க, ஒயரைத் தாராளமாக விட்டுவைப்பது நம் தொழிலில் கெட்டிக்காரத்தனம். வரைபடத்தில் எடைமேடை ஒயருக்கு எண்பத்தெட்டு மீட்டர் என்று சிவப்பு மையில் இருந்தது. இருபத்தாறு வருட அனுபவஸ்தனுக்குச் சிவப்பு மை ஒரு பொருட்டா? எடைமேடை அவசர வேலையாயிற்றே என்று அங்கே மட்டும் கூடுதல் தாராளம் காட்டினேன். எண்பத்தெட்டும் இருபத்துநான்கும் நூற்றுப்பன்னிரண்டு! சேதி தடுமாறாமல் என்ன செய்யும்?

அவர் இரண்டு சுருளையும் வெட்டினார். முனைகளை மாட்டினார். எடைமேடைக் கணினி தடுமாறாமல் வேலை செய்தது, இன்று வரை செய்கிறது. ஆனால் மேலாளருக்குப் போன அறிக்கையில், "அளவு திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினார். "என் பேரை ஏம்மா எழுதல?" என்றேன். "எழுதுனா இனிமேங்காட்டி உள்ளூரு ஆளுங்களுக்கு யாருண்ணா வேல குடுப்பாங்க?" என்றார்.

கேட்டீர்களா தாய்மார்களே! நம் தொண்ணூறு வீட்டுச் சோற்றை ஒரு வரியில் காப்பாற்றிவிட்டு, கெட்ட பெயரைத் தான் வாங்கிக்கொண்டார். நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டேன். ஏழு மாதம்! போன வாரம், ஆலையில் புதிதாக எழும்பும் இரண்டாவது ஷெட்டின் வரைபட வேலை வெளியூர் ஆளுக்குப் போகிறது, முதல் திட்டத்தில் அளவு தப்பிவிட்டதாம் என்று காதில் விழுந்தது. அதனால்தான் இன்று இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ஆதிநாராயணன் ஐயா, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். திட்டத்தில் தவறில்லை! அளவில் தவறில்லை! அறிவில் தவறில்லை! தவறு இந்தக் கையில், இந்தக் கையின் திமிரில்! இதைச் சொல்வதால் எங்கள் சங்கத்தின் தலை குனியாது. தொண்ணூறு பேர் எதிரில் தன் பிழையைச் சொல்லக்கூடிய ஒயர்மேன் எங்களிடம் இருக்கிறான் என்று நிமிரத்தான் செய்யும்!

ஐயா ஏதோ சொல்கிறார்... இருங்கள், சத்தம் போடாதீர்கள்... "ரெண்டாவது ஷெட்டையும் அவங்களே பிளான் பண்ணட்டும்" என்கிறார்! இப்போது தட்டுங்கள் கையை! கூரை அதிரட்டும்!

தங்கச்சி எழுந்து நிற்கிறாரே. சொல்லும்மா, எல்லோருக்கும் கேட்கட்டும். இன்னாது? "வரைஞ்சி தரேண்ணா. ஆனா மொதல்ல பழைய ரிப்போர்ட்ட மாத்தி எழுதணும். அதுல ஒங்க கையெழுத்து வேணும்" என்கிறாயா? கேளும்மா, இன்னும் சத்தமாகக் கேள்! கேட்கவேண்டிய நாளில் நீ கேட்கவில்லை, கொடுக்கவேண்டிய நாளில் நான் கொடுக்கவில்லை.

தலைவர் அவர்களே, சங்கத்தின் தாள் ஒன்றும் பேனாவும் இப்படிக் கொடுங்கள். வாய்ப்பளித்த உங்களுக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், நடுவில் குரல் கொடுத்த கலியனுக்கும் நன்றி. என் பேச்சு முடிந்துவிட்டது, இனி எழுத்து. "எடைமேடை ஒயரில் இருபத்துநான்கு மீட்டர் கூடுதலாக விட்டவன் பாக்கியநாதன். ஷஹனாஸ் வரைந்த அளவு சரி." உங்கள் அத்தனை பேரையும் சாட்சியாக வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன். வணக்கம்!